விளக்கை அணைத்துவிட்டுப் படித்த பாடம்

பழைய நண்பர்கள் கூடினால் ஊர்க்கதைதான். கடந்த ஈஸ்ரர் விடுமுறையில் நாங்கள் மூவரும் லண்டனில் கூடியபோதும் அப்படித்தான் தொடங்கியது. எங்களில் ஒருவன் ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்தான், இன்னொருவன் ஒஸ்லோவிலிருந்து, வீடு மூன்றாமவனுடையது.

சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் அந்த வீட்டு மகள் பௌதிகவியல் புத்தகத்துடன் இருந்தாள். பதினேழு வயது. அடுத்த மாதம் உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது. கையில் மஞ்சள் பேனை ஒன்று. பக்கத்தில் பாதிக்கு மேல் மஞ்சள் பூசியாகிவிட்டது. நாள் முழுக்க இருந்து படிக்கிறாள், ஆனால் மாதிரிப் பரீட்சையில் மின்காந்தத் தூண்டல் கேள்வி முழுவதும் பிழைத்துவிட்டது என்று தாய் மெல்லிய குரலில் சொன்னாள்.

"நாங்கள் எல்லாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள், பிள்ளை" என்றோம். யார் சொன்னது என்பது முக்கியமல்ல. மூவரில் எவரும் சொல்லியிருப்போம். புலம்பெயர்ந்த வீடுகளில் இந்த வசனத்தைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு நான் இப்ப என்ன செய்ய வேணும், மாமா? லைற்றை நிப்பாட்டவோ?"

நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. உண்மையில் நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது நாங்கள் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் இருந்தோம். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என நான்கு பாடங்கள். மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் மருந்தைப்போல அளந்து பாவிக்கும் பொருளாயிற்று. சிறு குப்பியில் திரியிட்டு, காற்றில் அணையாதபடி ஜாம் போத்தலுக்குள் இறக்கிய விளக்குத்தான் எங்கள் வெளிச்சம். ஆளுக்கொரு விளக்கு வைக்க எந்த வீட்டிலும் வசதியில்லை. ஆகவே ஒரு வீட்டு விறாந்தையில், ஒரு விளக்கைச் சுற்றி, நான்கு பேர் இருந்து படித்தோம்.

ஆம், நால்வர். இப்போது மூவர்.

அந்த நாலாமவன் கெட்டிக்காரன் என்பதைவிட, பொறுமைசாலி என்பதே பொருந்தும். விளக்கை அணைக்கும் யோசனையும் அவனுடையதுதான். "கேள்வியை வாசிச்சாச்சு. இனி யோசிக்கிறதுக்கு வெளிச்சம் என்னத்துக்கு?" என்று ஊதிவிடுவான். இருட்டில் நால்வரும் யோசிப்போம். பிறகு ஒருவன் வாயால் கணக்கைச் செய்து காட்டவேண்டும். கப்பியின் இருபுறமும் திணிவுகள், இழையின் இழுவை, ஆர்முடுகல் எந்தத் திசையில் என்று படம் முழுவதையும் சொல்லாலேயே கீறவேண்டும். தடக்கினால் மற்றவன் தொடர்வான். நால்வரும் ஒத்துக்கொண்ட பிறகே விளக்கு மீண்டும் எரியும். எழுதுவோம், விடையைப் பார்ப்போம். எண்ணெய்யை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது. அதற்கு மேலாக நாங்கள் ஒன்றும் நினைக்கவில்லை.

அது ஏன் பலித்தது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் வேறோரிடத்தில் படித்தோம். 2006இல், அமெரிக்காவில் சென்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை நான்கு தடவை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு தடவை மட்டும் வாசித்துவிட்டு, மூன்று தடவை தாளை மூடி, நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் ஞாபகம் இருந்தது, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழானது: வாசித்தவர்களுக்கு 40, மூடி எழுதியவர்களுக்கு 61. இதிலே கவனிக்கவேண்டியது, தமக்கு நன்றாக ஞாபகமிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான். மஞ்சள் பேனை தருகிற மயக்கமும் அதுவே. கண்ணுக்குப் பழகிப்போனதை மனம் தனக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது.

கடந்தகால வினாத்தாள்களும் எங்களிடம் ஒழுங்காக இருக்கவில்லை. போட்டோப் பிரதி எடுக்க வழியில்லாமல் கையால் எழுதிய ஒற்றைகள் அவை. பொறியியல் ஒரு தாளில், வெப்பம் இன்னொன்றில், ஒளி வேறொன்றில். எது கைக்கு வருகிறதோ அதைச் செய்தோம். அத்தியாயத் தலைப்பு மேலே இல்லாதபடியால், இது எந்த விதிக்குரிய கணக்கு என்பதை நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நாலாமவன் எந்தச் சமன்பாட்டையும் உடனே எழுதவிடமாட்டான். "முதலிலை இது எந்த வீட்டுப் பிள்ளை எண்டு சொல்லுங்கோடா" என்பான். சாய்தளம் என்பதைப் பார்த்ததும் சாய்தளச் சூத்திரத்தைத் தேடி ஓடுவோம். அவன் மறிப்பான். உராய்வு இல்லை, உயரமும் வேகமும் கேட்டிருக்கிறது, அப்படியானால் சத்திக் காப்பு விதியின் பிள்ளை; சாய்தளம் அது போட்டிருக்கிற சட்டை மட்டும்தான்.

1981இல் மிச்செலின் சீ என்பவரும் அவருடைய சகாக்களும் இதையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பௌதிகக் கணக்குகளை வகைபிரிக்கச் சொன்னால், புதிதாகப் படிப்பவர்கள் கப்பி, சுருளி, சாய்தளம் என்று பொருளைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். தேர்ந்தவர்கள் அடியிலுள்ள தத்துவத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். விறாந்தையில் எங்களுக்கு அந்த ஆய்வு தெரியாது. சட்டையைப் பார்க்காதே என்பது மட்டும் தெரிந்தது.

அவனிடம் ஒரு பிழைக் கொப்பியும் இருந்தது. சரியாக வந்த கணக்கு அதில் ஏறாது. பிழைத்த கணக்கும், ஏன் பிழைத்தது என்ற ஒரே ஒரு வரியும் மட்டுமே: 'அலகு மாற்றவில்லை', 'விசை எதன்மேல் தாக்குகிறது என்று பார்க்கவில்லை', 'கேள்வியை முடிவுவரை வாசிக்கவில்லை'. மூன்று நாள் கழித்து அதை வெறுந்தாளில் மீண்டும் செய்வான். சரிவந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. பல்தேர்வு வினாத்தாளில் அப்போது அறுபது கேள்விகள், இரண்டு மணித்தியாலம். கேள்விக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் பிடிபடாததற்கு அடையாளமிட்டுவிட்டுக் கடந்து போகவும் அவனிடம்தான் பழகினோம்.

ஒரு புள்ளி எவ்வளவு பெரியது என்பது எங்கள் தலைமுறைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடும் எங்கள் அண்ணன்மாரின் வாழ்க்கையை ஒன்றிரண்டு புள்ளிகளால் திசைதிருப்பியதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது அவன் இயக்கத்துக்குப் போனான். முதல்நாள் இரவும் எங்களுடன் இருந்து படித்தவன். ஒன்றும் சொல்லவில்லை. பிழைக் கொப்பியை விறாந்தையில் விட்டுவிட்டுப் போயிருந்தான். மறந்து போனானா, எங்களுக்கென்று வைத்தானா என்று இன்றுவரை எங்களுக்குள் வாதம் உண்டு. அந்தக் கொப்பியை வைத்துத்தான் நாங்கள் மூவரும் பரீட்சை எழுதினோம். அவன் திரும்பி வரவில்லை. கொப்பியும் 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கமாக நடந்தபோது, வீட்டோடு விடுபட்டுப் போயிற்று.

போத்தல் விளக்கைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறோம். அவனைப் பற்றி ஒரு தடவையும் சொன்னதில்லை. இதை அன்றுதான் உணர்ந்தோம். கஷ்டத்தைச் சொல்வது இலகு. அதிலே நாங்கள் வீரர்களாகி விடுகிறோம். ஆனால் அந்த விளக்கு ஒருவரையும் படிப்பிக்கவில்லை. அதே விளக்கில் கண் எரியப் படித்தும் தேறாமற் போனவர்கள் எங்கள் வகுப்பிலேயே எத்தனையோ பேர். பசியும் குண்டுச்சத்தமும் படிப்புக்கு உதவியவை அல்ல, கெடுத்தவை. எங்களுக்கு உதவியது மூடிய புத்தகம், கலந்து வந்த கேள்விகள், பிழையைப் பார்க்கக் கூச்சப்படாத ஒரு கொப்பி, சொல்லிக்கொடுத்த ஒரு வாய். இவை எதற்கும் போர் தேவையில்லை. லண்டனில் நல்ல வெளிச்சத்தில், வயிறாரச் சாப்பிட்டு, இரவு ஒழுங்காக நித்திரை கொண்டு செய்யலாம்.

"லைற்றை நிப்பாட்ட வேண்டாம், பிள்ளை. புத்தகத்தை மூடு. லென்சின் விதியை எங்களுக்குச் சொல்லு" என்றோம்.

வரைவிலக்கணத்தை ஒரு மூச்சில் ஒப்புவித்தாள். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும். சரி, ஏன் எதிர்க்கவேண்டும்? அவள் பேசவில்லை. எதிர்க்காமல் உதவினால் என்ன நடக்கும்? யோசித்தாள். "அப்ப காந்தம் இன்னும் வேகமாப் போகும். மின்னோட்டம் இன்னும் கூடும்... சும்மா இருக்கச் சத்தி வந்துகொண்டே இருக்கும்." சற்று நிறுத்தி, "அது ஏலாதே! இது சத்திக் காப்பு விதி!" என்றாள்.

எங்களில் ஒருவனுக்குக் கண் கலங்கியது. அவள் கண்டுவிட்டாள்.

அப்போதுதான் சைக்கிள் கதையைச் சொன்னோம். பற்றரி இல்லாத அந்தக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்போம். ஒருநாள் நாலாமவன் வானொலியைக் கழற்றிவிட்டு முன்விளக்கின் வயரைத் தொடுத்தான். எங்களைச் சுற்றச் சொன்னான். வயரைக் கழற்றினான், மிதி சற்று இலேசாயிற்று. மீண்டும் தொடுத்தான்; பாரமாயிற்று. "வெளிச்சம் சும்மா வராதடா. கைதான் குடுக்குது" என்றான். அதற்குப் பிறகு லென்சின் விதியை நாங்கள் பாடமாக்க வேண்டியிருக்கவில்லை.

"அவர் சோதினை எழுதினவரோ?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மஞ்சள் பேனையை மூடி வைத்துவிட்டு, ஒரு புதிய கொப்பியை எடுத்து வந்தாள். மாதிரிப் பரீட்சையில் பிழைத்த அந்தக் கேள்வியை முதற்பக்கத்தில் எழுதினாள். ஏன் பிழைத்தது என்ற அந்த ஒரு வரியை என்னவென்று எழுதுவது என்று எங்களைக் கேட்டாள்.

அதை நீயேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றோம். அவனும் அப்படித்தான் சொல்வான்.