நிறம் கேட்ட அட்டை

(பத்தாம் வகுப்பு மாணவி, எளாவூர்)

காலையில் பல் துலக்கும் பற்பசை முதல் இரவில் ஏற்றும் கொசுவர்த்தி வரை நம் வீட்டுக்குள் வரும் பொருள்கள் எல்லாம் தாமாகவா வருகின்றன? ஒவ்வொன்றையும் ஒரு விளம்பரம் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. அந்த விளம்பரத்தை உருவாக்க எங்கோ ஓர் அறையில் பலர் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஓர் அறையில் சென்ற கோடையில் இரண்டு மாதம் வேலை பழகியவள் என் பெரியம்மா மகள். சென்னையில் எம்.பி.ஏ. படிக்கிறாள். மார்க்கெட்டிங் அவளுடைய சிறப்புப் பாடம். படிப்பின் இடையே ஒரு நிறுவனத்தில் இப்படி வேலை பழகுவதை இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். தையல் கடையில் காஜா எடுக்கப் பழகுவதைப் போலத்தான், ஆனால் குளிர்சாதன அறையில்!

அவள் சேர்ந்த விளம்பர நிறுவனம் ஒரு முகப்பூச்சுக்காகக் கிராமத்துப் பெண்களிடம் கருத்துக் கேட்டு வரும்படி அவளைப் பணித்தது. "எங்கள் சித்தி ஊர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது" என்று இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதன் பலன், மே மாத வெயிலில் ஒன்பது நாட்கள் நானும் அவளோடு அலைந்தேன்.

எளாவூர் என்றால் பலருக்கு நெடுஞ்சாலையில் உள்ள சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும் ஊர் அல்லவா! ஆனால் சாலையை விட்டுக் கிழக்கே போனால் சுண்ணாம்புக்குளம், அதைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி நம்முடையதே. பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் ஒரே வாக்கியத்தில் இரண்டும். சென்னையில் வளர்ந்த அக்காவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்ததுதான் என் முதல் உத்தியோகம். சம்பளம் நாளுக்கு ஒரு குளிர்பானம்.

முதல் இரண்டு நாட்கள் பெட்டிக்கடைகளுக்குப் போனோம். எந்தக் கடையிலும் முகப்பில் என்ன தொங்குகிறது? ஷாம்பு, முகப்பூச்சு, காப்பித்தூள், ஊறுகாய் எல்லாம் சிறு பாக்கெட்டுகளாக, மாலை மாலையாக. அக்கா அவற்றை எண்ணி எழுதிக்கொண்டாள். இந்தப் பாக்கெட் வித்தையில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களும் வாங்க வேண்டும் என்று சிறு உறைகளில் பொருள்களை அடைத்து விற்கும் வழியைக் கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் கிராமம் கிராமமாகச் சென்று ஒரு பையனை அழைத்து எல்லோர் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு தேய்த்துக் காட்டுவார்களாம். காலி உறைகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்றும் அறிவித்தார்களாம். சீயக்காய் மட்டுமே தெரிந்த ஊர்களில் ஷாம்பு நுழைந்த கதை இதுதான். எங்கள் ஆயா கூட, "ஆமாம், அப்போ காலி பாக்கெட்டைப் பொறுக்க ஓடுவோம்" என்றார். இன்று அந்தக் காலி பாக்கெட்டுகளைப் பொறுக்குவார் யாரும் இல்லை. வலையில் மீனோடு அவையும் வருகின்றன.

மூன்றாம் நாள் பெண்களைச் சந்திக்கத் தொடங்கினோம். அக்காவின் கையில் இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட தாள். என்ன சோப்பு, மாதம் எவ்வளவு செலவு, எந்தத் தொடர் பார்ப்பீர்கள் என்று கேள்விகள் சுலபமாகவே போயின. பதினான்காம் கேள்விக்கு மட்டும் ஓர் அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். அதில் ஒரே பெண்ணின் முகம் ஆறு முறை அச்சாகியிருக்கும். இடது ஓரத்தில் மாநிறம். வலப்பக்கம் போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். "உங்கள் நிறம் இதில் எது? எந்த நிறத்தை அடைய விரும்புகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஏரிக்கரைப் பெண்களில் முக்கால்வாசிப் பேரின் நிறம் அந்த அட்டையிலேயே இல்லை! என் நிறமும் இல்லை. அட்டை எங்கே தொடங்குகிறதோ அதற்கு இரண்டு வீடு தள்ளி நாங்கள் நிற்கிறோம்.

நாங்கள் பேசியவர்களுள் இறால் பிடிக்கும் ஓர் ஆயாவும் இருந்தார். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறியில் போடும் பெண்களை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? வலையும் இல்லை, படகும் இல்லை. இரண்டு கைகள்தான் முதலீடு. காலையில் இறங்கினால் வெயில் முதுகில் ஏறும்வரை நீரிலேயே இருப்பார்கள். அந்த ஆயா அட்டையை வாங்கிக் குப்புறத் திருப்பிப் பார்த்தார், மறுபடி நிமிர்த்திப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு இன்னா ஒடம்பு சரியில்லையா? ஏன் வெளுத்துக்கினே போவுது?" என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இல்லை ஆயா, க்ரீம் பூசினால் இப்படி ஆகுமாம்" என்றேன். "பூசிக்கினு தண்ணியில எறங்குனா இறாலு வெலை ஏத்திக் குடுப்பானா?" என்றார். அக்கா அதை ஒரு சொல் விடாமல் தாளில் எழுதிக்கொண்டாள்.

ஆனால் எல்லா இடத்திலும் சிரிப்பு இல்லை. அடுத்த தெருவில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் அம்மாவின் பின்னால் நின்று அட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே வந்து, கடைசி முகத்தின்மேல் விரலை வைத்து, "இது எத்தனை பாக்கெட்டுல வரும்க்கா?" என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டாள். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவேயில்லை. வெளியே பூநாரைக் கூட்டம் ஒன்று இருந்தது. அதைக்கூட அவள் படம் எடுக்கவில்லை.

இரவு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, கல்லூரியில் படித்த கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி என்ற பூச்சை 1975-ல் கொண்டு வந்தது. நம் அம்மாமார்களின் வயதுதான் அதற்கும்! அதன் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் ஒரு தந்தை, தனக்கு மகன் இல்லையே என்று பெருமூச்சு விடுவார். கறுப்பு மகள் அதைக் கேட்டு வருந்துவாள். பின் பூச்சைப் பூசி, சிவந்து, விமானப் பணிப்பெண்ணாகி, பெற்றோரை உயர்தர ஓட்டலுக்கு அழைத்துச் செல்வாள். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தினர் இத்தகைய விளம்பரங்களை எதிர்த்து, தேசிய மனித உரிமை ஆணையம் வரை புகாரைக் கொண்டு சென்றனர். 2003-ல் அவை நிறுத்தப்பட்டன. எனக்கு ஒரு சந்தேகம்: அந்தப் பெண் வேலைக்குப் போனது சிவந்ததால் என்றால், அவள் படித்த படிப்பு என்ன ஆயிற்று? அதை விளம்பரத்தில் யாரும் கேட்கவில்லையா?

பிறகு 2009-ல் நம் சென்னையிலேயே விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு, கறுப்பும் அழகே என்ற பொருள்படும் டார்க் இஸ் பியூட்டிஃபுல் இயக்கத்தைத் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணை நின்றார். விளம்பரதாரர்களே 1985-ல் அமைத்துக்கொண்ட விளம்பரத் தர மன்றம் ஒன்று மும்பையில் உண்டு. கறுப்பு நிறத்தவரை வருத்தமுற்றவர்களாகவும் வாழ்வில் பின்தங்கியவர்களாகவும் காட்டக் கூடாது என்று அது 2014-ல் விதி வகுத்தது. ஒரு முகப்பூச்சு நிறுவனம் கொடுக்க முன்வந்த பெருந்தொகையை நடிகை சாய் பல்லவி மறுத்த செய்தி 2019-ல் வந்தது நம்மில் பலருக்குத் தெரியும்.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்தார். உலகெங்கும் எழுந்த குரல் முகப்பூச்சு டப்பாவையும் எட்டியது. அடுத்த மாதமே பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுப்பதாக நிறுவனம் அறிவித்தது. ஜூலையில் அது க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று. ஆண்களுக்கான பூச்சு க்ளோ அண்ட் ஹேண்ட்சம் ஆனது. ஏற்கெனவே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் விற்றுக்கொண்டிருந்த இமாமி நிறுவனத்துக்கு அது பொறுக்குமா? 'ஹேண்ட்சம்' யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நீதிமன்றம் ஏறியது. எங்கள் ஊர்க் கடைக்காரருக்கு இந்தச் சண்டை ஒன்றும் தெரியாது. அவர் இன்னமும் பழைய பெயரைச் சொல்லித்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

அக்காவின் அட்டையில்கூட 'சிவப்பழகு' என்ற சொல் எங்கும் இல்லை. 'பொலிவு' என்றுதான் இருந்தது. சொல்லை மாற்றிவிட்டார்கள், முகங்களை மாற்றவில்லை.

"அப்படியானால் மக்கள் கூச்சல் போட்டால் விளம்பரம் கெட்டது என்று அர்த்தமா?" என்று கேட்டேன். அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதே நிறுவனத்தின் சர்ஃப் எக்செல் விளம்பரம் ஒன்று 2019-ல் வந்தது. ஹோலிப் பண்டிகையன்று வெள்ளைச் சட்டை அணிந்த சிறுமி ஒருத்தி சைக்கிளில் தெருவெல்லாம் சுற்றி, எல்லோருடைய வண்ணங்களையும் தன்மேல் வாங்கிக்கொள்வாள். வண்ணங்கள் தீர்ந்ததும், தொழுகைக்குப் போக வேண்டிய முஸ்லிம் நண்பனைத் தன் பின்னால் உட்காரவைத்துக் கறைபடாமல் கொண்டுபோய் விடுவாள். அதற்கு எவ்வளவு எதிர்ப்பு! கோபத்தில் சிலர், கணினியில் கணக்குப் போட உதவும் மைக்ரோசாஃப்ட் எக்செல் செயலியைத் தவறுதலாகத் திட்டித் தீர்த்தார்கள்! அடுத்த ஆண்டு அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடை விளம்பரத்தில், இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடந்தது. எதிர்ப்புக்கு அஞ்சி அதைத் திரும்பப் பெற்றார்கள். தங்கள் கடை ஊழியர்களின் நலனையும் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

நான் நெடுநேரம் யோசித்தேன். இரண்டு பக்கமும் கூச்சல்தான். ஆனால் விமானப் பணிப்பெண் விளம்பரத்தைப் பார்த்து ஒரு சிறுமி தன் முகத்தையே வெறுக்கக்கூடும். சைக்கிள் சிறுமியைப் பார்த்து யார் எதை வெறுக்கப் போகிறார்கள்? நம் சட்டையில் கறை பட்டாலும் பரவாயில்லை என்று நினைப்பார்கள், அவ்வளவுதானே! இரண்டையும் 'சர்ச்சைக்குரிய விளம்பரம்' என்று ஒரே பாடத்தில் அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாடநூல் எழுதியவர்கள் என்னை மன்னிக்க.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தோலின் கறுமைக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து அது நம்மைக் காக்கிறது. ஏரியில் நாளெல்லாம் நிற்கும் ஆயாவுக்கு இயற்கை கொடுத்த குடை அது. அதைக் குறைக்கத்தான் பணம் கொடுக்கிறோம். பெயர் தெரியாத மலிவுப் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதும், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய பூச்சுகளால் சிலருடைய சிறுநீரகம் பழுதானதை 2023-ல் மருத்துவர்கள் கண்டதும் செய்தியாக வந்தன. விலாசம் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள் என்று என் தங்கைமார்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நான்காம் நாள் முதல் அக்கா அந்த அட்டையைக் காட்டவில்லை. பதின்மூன்றாம் கேள்வியிலிருந்து பதினைந்தாம் கேள்விக்குத் தாவினாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பது நாட்களில் எண்பத்தாறு பெண்கள். அவர்களுள் எழுபது பேருக்கு எதிரே அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

ஜூன் இறுதியில் அவள் தன் அறிக்கையை நிறுவனத்தில் படித்துக் காட்டினாள். மேலதிகாரி ஒருவர், "எழுபது இடம் ஏன் காலி?" என்று கேட்டாராம். "அட்டையில் அவர்களுடைய நிறம் இல்லை சார். ஒரு நாளுக்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்" என்று அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஆயா கேட்ட இறால் விலைக் கேள்வியையும் திரையில் போட்டுக் காட்டினாளாம். அறையில் சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் அதிகாரி மட்டும் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பயிற்சிச் சான்றிதழில் 'நன்று' என்று போட்டுக் கொடுத்தார்கள். 'மிக நன்று' இல்லை.

அந்த அட்டை இப்போது என் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஆயாவிடம் ஒருநாள் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மூக்குதான்" என்றார்.

அடுத்த மாதம் அக்காவின் கல்லூரியில் வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் தொடங்குகின்றன. அதே நிறுவனமும் வருகிறதாம். அந்தப் பெண் அதிகாரி இவளை விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். போவதா வேண்டாமா என்று அக்கா தொலைபேசியில் என்னைக் கேட்டாள். பதினைந்து வயதுப் பெண்ணிடம் கேட்கும் கேள்வியா இது! "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன். பெரியப்பா ஆட்டோ ஓட்டி ஓராண்டில் சம்பாதிப்பதை நான்கே மாதத்தில் வாங்கிவிடலாம். படிப்புக் கடனும் இரண்டு ஆண்டில் அடைந்துவிடும் என்றாள். உள்ளே போனால்தானே அட்டையை மாற்றச் சொல்ல முடியும் என்றும் சொன்னாள். மாற்றுவார்களா என்று கேட்டேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவள், பெரியம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே என்றாள்.