சந்திரநாகூரில் கற்ற பாடம்

சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நடந்த விபரீதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பரணிலிருந்து எடுத்த பழைய சீரியல் செட், பால்கனிக்கு இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. "பாதியாக நறுக்கினால் ஆயிற்று!" என்று கத்திரிக்கோலை எடுத்தேன். முனைகளை முறுக்கிப் பிளக்கைச் செருகினேன். ஒரு கணம் ஜகஜ்ஜோதி! மறுகணம் கும்மிருட்டு! "வீடு தப்பியதே, அதைச் சொல்லுங்கள்" என்றாள் என் மனைவி.

இந்தச் சோகக் கதைக்கு விளக்கம் கிடைத்த இடம் சந்திரநாகூர். வங்காளிகள் 'சந்தன்நகர்' என்பார்கள். கொல்கத்தாவுக்குப் போனால் நீங்களும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஹௌராவில் லோக்கல் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரப் பயணம். நம் புதுவையைப் போல் அதுவும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1950-இல் இந்தியாவின் கைக்கு வந்தது. ஹூக்ளிக் கரையில் காற்று வாங்கிக்கொண்டு நடக்கலாம். தீபாவளிக்குப் பின் வரும் ஜகத்தாத்ரி பூஜையின்போதோ, தெருவுக்குத் தெரு விளக்கு மயில் ஆடும். விளக்கு ரயில் ஓடும்! ஸ்ரீதர் தாஸ் போன்ற கலைஞர்களால் பெயர் பெற்ற தொழில் இது.

ஒரு பட்டறையில் மயில் தோகைக்காகச் சரங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், அரைகுறை ஹிந்தியில் என் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்கள் சரத்தில் 40 பல்புகள் இருந்திருக்கும். 230 வோல்ட்டை அவை பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்குச் சுமார் 6 வோல்ட் சுமந்தன. நீங்கள் 20 பேரை விரட்டினீர்கள். மீதிப் பேர் தலையில் பதினொன்றரை! பாவம், கருகாமல் என்ன செய்யும்?"

நேராகப் பிளக்கில் செருகும் எல்.ஈ.டி. சரங்களுக்கும் இதே நியாயந்தானாம், எண்ணிக்கைதான் வேறு. பல்புகளுக்கு நடுவே ஒயரைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு தொகுதியில் உள்ள பல்புகளின் எண்ணிக்கையை மாற்றக் கூடாது. பல தொகுதிகள் சேர்ந்த நீளச் சரமானால், தொகுதி முடியும் இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

ஒட்டுப் போடுவதையும் செய்து காட்டினார். பக்கத்தில் பிளக்கே இல்லை! இரண்டு ஒயர்களையும் நேருக்கு நேர் வெட்டாமல், ஒன்றைச் சற்று மேலேயும் மற்றதைச் சற்றுக் கீழேயும் வெட்டினார். ஒட்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாதல்லவா? முதலில் ஸ்லீவைக் கோத்து, பிறகு செம்புக் கம்பிகளை முறுக்கி, ஈயப் பற்று வைத்தார். ஸ்லீவை ஒட்டின்மேல் இழுத்துச் சூடு காட்டியதும் அது சுருங்கி இறுகப் பிடித்துக்கொண்டது. மழையில் நனையும் மாடிக்கு வெறும் டேப்பை நம்பாதீர்கள் என்று எச்சரித்தார். ஈரக் கைப்பிடிச் சுவரில் குழந்தைகள் கை வைப்பார்களே!

இந்த வருஷம் பால்கனியை அளந்து, அளவை எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டேன். கத்திரிக்கோலா? அது என் மனைவியின் பீரோவில், பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது!