சும்மா செய்த வேலை

எமது மாதர் சங்கத்துக்கு வந்த அந்த மின்னஞ்சலை முதலில் அழித்துவிடத்தான் பார்த்தேன். ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருவர், மூன்று மாதங்கள் எங்களோடு இருந்து வேலை பழக விரும்புவதாகவும் தனக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். உப்புக்குளத்தைத் தேடி யார் சம்பளமில்லாமல் வேலை செய்ய வரப்போகிறார்கள்? ஏமாற்றுக் கடிதம் என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவருடைய விரிவுரையாளரும் எழுதினார். இது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது.

சங்கக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தேன். "சம்பளம் கேட்காத பிள்ளை, வரட்டும்" என்றார் தலைவி. எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

சம்பளம் வேண்டாம் என்று அவர் எழுதியதற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. அங்கே சமூகப்பணி படிப்பவர்கள் களப்பயிற்சியை முடித்தால்தான் பட்டம். ஜேர்மனியில் 2015 முதல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கிறது. ஆனால் படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்யும் பயிற்சிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே பெரிய மனது ஒரு பக்கம் இருக்க, அவருக்கும் வேறு வழியில்லை.

சம்பளம் இல்லையென்றால் வீசா சுலபம் என்று நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா வீசாவில் வந்தவர் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், சங்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. காசு வாங்காவிட்டாலும் அது வேலைதான். எங்களைப் போல 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பென்றால், அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தின் சிபாரிசோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், கணக்கறிக்கை, மாணவியின் பொலிஸ் நற்சான்று, காப்புறுதி எல்லாம் கேட்டார்கள். இரவு பஸ்ஸில் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வந்தேன். ஒரு தடவை படிவத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்ததற்காக வெறுங்கையோடு திரும்பினேன். அந்தப் பஸ் காசும் இந்தச் "சும்மா"வில் சேர்த்திதான்.

பிறகு உடன்படிக்கை. மாணவி, பல்கலைக்கழகம், சங்கம் என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை, யார் மேற்பார்வை, சுகமில்லாமல் போனால் யார் பொறுப்பு, எடுக்கும் குறிப்புகளும் படங்களும் யாருக்குச் சொந்தம் என்று எட்டுப் பக்கம். அதிலே "மொழி" என்ற தலைப்பின் கீழ் நான் எழுதிய வரி இது: "உள்ளூர்த் தொண்டர் ஒருவர் மொழிபெயர்ப்பில் உதவுவார்." அந்த வரியை எழுத எனக்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை.

தங்குமிடத்தை ஒழுங்கு செய்வதில் வேறொரு சிக்கல். சங்க உறுப்பினரான வயது போன உம்மா ஒருவர் தமது வீட்டில் ஒரு அறையைக் கொடுத்தார். வாடகைப் பேச்சை எடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, இந்த ஊர்ச் சனம் வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனது. "புத்தளத்தில் யார் யாரோ தந்த சோற்றைத் தின்றவள் நான். என் வீட்டில் சாப்பிடுகிற பிள்ளையிடம் காசு வாங்குவேனா?" என்று கேட்டார். அதற்கு மேல் என்ன பேசுவது? ஆனால் 2022இன் நெருக்கடிக்குப் பிறகு அரிசி, மா, எரிவாயு விற்ற விலை எல்லோருக்கும் தெரியும். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை வாங்கி, அவர் இல்லாத நேரம் பார்த்து மாதா மாதம் குசினியில் வைத்துவிட்டு வந்தோம். அவரும் கண்டும் காணாதது போல இருந்தார்.

மாணவி ஓகஸ்ட் மாதம் வந்தார். நல்ல பிள்ளை. சைக்கிள் ஓடுவார், நண்டுக் கறிக்குக் கண் கலங்கினாலும் இன்னும் கேட்டுச் சாப்பிடுவார். நுண்கடன் பட்ட பெண்களைச் சந்தித்து அவர்களின் நிலையை எழுதுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், மன்னாரும் அதில் ஒன்று, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்கள் சிலவற்றைத் தள்ளுபடி செய்தது. ஆனால் எங்கள் பகுதியில் பலர் அந்த வரையறைக்குள் வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் மறுபடி வேறு இடத்தில் கடன் எடுத்திருந்தார்கள். கிழமைக் கட்டுப்பணம் கேட்டு வருபவர் படலையில் நிற்கும்போது, வீட்டில் ஆளில்லை என்று சொல்லச் சிறு பிள்ளையை அனுப்பும் கதையெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளையிடம் யார் சொல்வார்கள்?

சொன்னார்கள். காரணம், பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தவர். அவர் எங்களூர்ப் பிள்ளை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இரண்டாம் ஆண்டு முடித்து விடுமுறையில் வந்திருந்தார். எந்த வீட்டில் எந்த நேரம் போகலாம், எந்தக் கேள்வியைக் கணவர் முன்னால் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பகலில் மொழிபெயர்ப்பு, இரவில் ஒலிப்பதிவைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது. ஆறு கிழமையில் 41 பெண்கள். உண்மையில் அந்த ஆய்வின் பாதிக்கு மேல் அவருடையது.

ஏழாவது கிழமை திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வீடு தேடிப் போனேன். தாய் முற்றத்தில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். எழும்பிக் கை கழுவி, தேநீர் தந்துவிட்டுத்தான் பேசினார்.

"அவள் கடையொன்றில் கணக்கு எழுதப் போகிறாள் மிஸ். நாளைக்கு ஆயிரத்து இருநூறு தருகிறார்கள். அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் அறைக் காசு கட்டவேணுமே."

நான் ஏதோ அனுபவம், சான்றிதழ் என்று தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

"கோவிக்காதீங்க மிஸ். மூத்தவளும் தொண்டர் ஆசிரியையாக ஆறு வருஷம் போனவள். நிரந்தரமாக்குவாங்க, நிரந்தரமாக்குவாங்க என்று. இந்த வீட்டில் இன்னொரு தொண்டர் வேண்டாம்."

வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் நியமனம் கேட்டு வீதியில் இருந்த நாட்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெண்களே அதிகம். அப்போது அவர்களுக்காக இதே போன்ற ஒரு சஞ்சிகையில் காரமாக ஒரு கட்டுரையும் எழுதினேன். அந்தத் தேநீரைக் குடித்து முடிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து உடன்படிக்கையை எடுத்துப் பார்த்தேன். மாணவிக்குப் பட்டத்துக்கான புள்ளி கிடைக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு களம். சங்கத்துக்கு ஒரு அறிக்கை. மேற்பார்வை செய்யும் எனக்குச் சம்பளம். "உள்ளூர்த் தொண்டர்" என்ற இடத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

மாணவியிடம் சொன்னபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் கைச்செலவுக் காசிலிருந்து கொடுப்பதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவர் தந்திருந்தால் மொழிபெயர்த்த பிள்ளை அவருடைய வேலைக்காரியாகியிருப்பார், மறுநாள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான் சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் சந்தேகம் உண்டு, காசு காசுதானே. பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். இதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. கடைசியில் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதாடி, வருட இறுதி விழாச் செலவை வெட்டி, நாளொன்றுக்கு 1,500 ரூபா என்று தீர்மானித்தோம். போன ஆறு கிழமைக்குப் பாதிதான் கொடுக்க முடிந்தது. மீதி இன்னும் எங்கள் கடன் கணக்கில் இருக்கிறது. பிள்ளை கிழமையில் மூன்று நாள் திரும்பி வந்தார். அறிக்கையின் அட்டையில் இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்று மாணவியே எழுதி வாங்கினார்.

ஒரு நாள் மாலை அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டார்: "மிஸ், எனக்கும் இப்படி வெளிநாட்டில் மூன்று மாசம் எடுக்கலாமா?"

தேடினோம். ஐக்கிய நாடுகள் செயலகத்தின் பயிற்சி இடங்களுக்குச் சம்பளமில்லை. 2015இல் டேவிட் ஹைட் என்ற நியூசிலாந்து இளைஞர் ஜெனீவாவில் அப்படிப் பயிற்சி பெறும்போது வாடகை கொடுக்க வழியின்றிக் கூடாரத்தில் தங்கினார் என்று உலகமெல்லாம் செய்தி வந்தது. விவாதத்தைக் கிளப்பவே அவர் அப்படிச் செய்தார் என்பது பின்னர் தெரிந்தது. ஆனாலும் அவர் காட்டிய நிலைமை பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் பயிற்சியாளருக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. மற்ற இடங்களில் வீசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்கிறார்கள். அவருடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். அந்த வங்கிப் புத்தகத்தை நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. செலவோடு இடம் தருகிற மூன்றுக்கு மட்டும் விண்ணப்பித்தோம். இரண்டு இல்லையென்று வந்தது. மற்றது பதிலே போடவில்லை.

இந்த வருடம் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவர் கேட்டு எழுதியிருக்கிறார், அவரும் சம்பளம் வேண்டாம் என்கிறார். வீசா விபரங்களுக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு, அதை யார் தருவது என்று கேட்டுப் பதில் போட்டேன். மூன்று கிழமையாகிறது, ஒன்றும் வரவில்லை. சங்கத்தில் சிலருக்கு என்மேல் வருத்தம். உம்மா மட்டும் அறையைக் கூட்டி, புதுப் பாய் விரித்து வைத்திருக்கிறார்.