எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மல்யுத்தத்தைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதுதல் தகுமா என ஐயுறும் அன்பர்களுக்குப் புறநானூற்றின் எண்பதாம் பாடலை நினைவூட்ட விரும்புகிறேன். ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் அதிற் பாடியுள்ளார். அக்காட்சியை நற்கிள்ளியின் தந்தையான தித்தன் காணவேண்டும் என்பதே புலவரின் ஆவல். தந்தை அதனை மகிழ்ந்து நோக்குவானோ மாட்டானோ என்பதில் அவருக்கும் ஐயம் இருந்தது. மல்லன் ஒருவனைப் பெற்ற குடும்பத்தின் மனநிலை அன்றும் இரண்டுபட்டே இருந்திருக்கிறது. எங்கள் குடும்பத்திலும் அவ்வாறே இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சங்ககால மற்போரில் எவன் வெல்வான் என்பது போர் முடியும்வரை எவருக்கும் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொழில்முறை மல்யுத்தத்திலோ அது முன்னதாகவே தெரிந்த ஒன்று. ஐக்கிய அமெரிக்காவில் இம்மாற்றம் நேர்ந்த விதத்தை நோக்குமிடத்து, அதன் தொடக்கம் கார்னிவல் கொட்டகைகளில் இருந்தமை புலனாகும். ஊர் ஊராகச் சென்ற கொட்டகைக்காரர்கள் தங்கள் பயில்வானை மேடையேற்றி, அவனோடு சில நிமிடம் தாக்குப்பிடிப்பவனுக்குப் பரிசு என்று கூவினர். பந்தயப் பணம் புழங்கிய இடத்தில் முடிவையும் விலை பேசத் தொடங்கினர். ஆயினும் பேராசை மாத்திரமே இதற்குக் காரணம் எனக் கொள்வது முழு உண்மையாகாது. உண்மையான மல்யுத்தம் காண்பவரைச் சலிப்படையச் செய்வதும் ஒரு காரணமாயிற்று.

இதற்கு நம் பக்கத்து உதாரணமே உண்டு. அமிர்தசரசில் பிறந்த காமா பயில்வான் 1910இல் இலண்டன் சென்றார். அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை எளிதில் வென்ற பின், செப்ரெம்பர் 10ஆம் திகதி போலந்து மல்லர் ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவைச் சந்தித்தார். காமாவின் பிடிக்கு அஞ்சிய ஸ்பிஸ்கோ தரையிற் குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணித்தியாலத்திற்கு மேலாக அவர் அவ்வாறே கிடந்தார். பார்த்திருந்தோர் கூச்சலிட்டனர். முடிவின்றிப் போட்டி நிறுத்தப்பட்டது. மறுவாரம் ஸ்பிஸ்கோ வராமையால் பட்டம் காமாவுக்கு உரியதாயிற்று. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள்ளாகவே காமா அவரை வீழ்த்தினார். பதினெட்டாண்டுக் காத்திருப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது. நுழைவுச்சீட்டு விற்கும் ஏற்பாட்டாளன் ஒருவனின் நிலையிலிருந்து இவ்விரண்டு போட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று அளவுக்கு மீறி நீண்டது; மற்றது இருக்கையில் அமருமுன்பே முடிந்தது.

1920களில் எட் லூயிஸ், பில்லி சண்டோ, டூட்ஸ் மொண்ட் என்னும் மூவர் அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டனர். கால வரையறை, வேகமான வீழ்த்தல்கள், முன்னரே பேசிய முடிவு, மல்லர்களை ஒரே குழுவாக ஊர்தோறும் அழைத்துச் செல்லல் ஆகியன அவர்களின் ஏற்பாடு. வெயின் மன் என்ற கால்பந்தாட்டக்காரரை அவர்கள் சம்பியனாக்கினர். அவரிடம் தோற்கும்படி 1925இல் அமர்த்தப்பட்டவர் வேறு எவருமல்லர், நமது ஸ்பிஸ்கோவேதான். அவரோ பிலடெல்பியா மேடையில் பேச்சை மீறி, மல்யுத்தம் அறியாத அம்மனிதரை உண்மையாகவே புரட்டிப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். இலண்டனில் உண்மைப் போட்டியில் ஒன்றும் செய்யாது படுத்திருந்தவர், நடிப்புப் போட்டியில் உண்மையாகப் பொருதார் என்பது எனக்கு என்றும் வியப்பைத் தருவது. இதன்பின் ஏற்பாட்டாளர்கள் ஒரு பாடம் கற்றனர். நடிப்புக்கேனும் சம்பியனாக இருப்பவன், தேவைப்படின் உண்மையாகவே எதிரியை முடக்கவல்லவனாக இருத்தல் வேண்டும். லூ தெஸ் நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்தமைக்கு அவருடைய மெய்யான வல்லமையே காரணம்.

1948இல் அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரில் ஏற்பாட்டாளர்கள் கூடித் தேசிய மல்யுத்தக் கூட்டமைப்பை நிறுவினர். நாட்டைப் பிரதேசங்களாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவரின் எல்லைக்குள் மற்றவர் கால்வைப்பதில்லை. ஓர் ஏற்பாட்டாளரின் வெறுப்புக்கு ஆளான மல்லனுக்கு மற்றையோரும் கதவடைப்பர். 1956இல் அமெரிக்க நீதித் திணைக்களம் தலையிட்டு, இவ்வழக்கங்களைக் கைவிடுவதாக அவர்களிடம் இணக்கம் பெற வேண்டியிருந்தது. இதனை முதன்முதல் வாசித்தபோது எனக்கு நினைவில் எழுந்தது அமெரிக்கா அன்று. எங்கள் தோட்டங்களின் துண்டு முறையே. தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளி, தன் கடன் இவ்வளவு எனக் குறித்த துண்டுச்சீட்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாதிருந்தது. கங்காணிக்கோ வேலைக்கு இறங்கிய ஆளொன்றுக்கு இத்தனை சதம் என வருமானம் இருந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தன் உடலைத் தவிர விற்பதற்கு ஏதுமற்றவனை ஓரிடத்திற் கட்டிவைக்கும் வழிகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன போலும்.

ஆசியாவில் இத்தொழிலின் நடுநிலையம் சிங்கப்பூர். நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்காக்கள் அங்கு மல்லர்களுக்கு மேடை தந்தன. பஞ்சாபின் தர்முச்சக் கிராமத்தில் 1928இல் பிறந்த தாராசிங், 1947இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்று, ஆலை ஒன்றில் வேலை செய்துகொண்டே பயின்று மேடையேறியவர். அவருக்கு எதிர்நின்றவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் கிங்காங். எமில் சாயா என்பது அவரது இயற்பெயர். ருமேனியாவின் பிரசோவ் நகரிற் பிறந்தவர். ஏறத்தாழ இருநூறு கிலோ எடையுள்ள அவரை 1956இல் தாராசிங் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார் என்பது தென்னாசியா முழுவதும் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட கதை. மேடையில் பகைவரான இருவரும், மேடைக்கு வெளியே ஒருவர் பிழைப்பை மற்றவர் தாங்கியவர்கள். கிங்காங் இன்றித் தாராசிங்கும் இல்லை.

1968 மே 29ஆம் திகதி பம்பாயில் லூ தெஸை வென்று தாராசிங் உலக சம்பியனானார் எனப் பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. அக்கூட்டமைப்பின் பட்டத்தைத் தெஸ் 1966இலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அப்படியாயின் பம்பாயில் கைமாறியது எந்த உலகத்தின் பட்டம்? மல்யுத்தத்தில் உலகங்கள் பல. ஏற்பாட்டாளர்களின் எண்ணிக்கைக்கு அவை குறையா. இதனால் தாராசிங்கின் பெருமை குன்றிவிடும் என நான் கருதவில்லை. கிங்காங் வாகன விபத்தொன்றிற் காயமுற்று 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங் திரைப்பட நடிகராகி, தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றி, மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, 2012இல் மும்பையில் மறைந்தார். நாட்டு மக்களின் பெருமையை ஒருகாலத்தில் தோளிற் சுமந்த காமாவோ தம் இறுதி ஆண்டுகளை இலாகூரில் நோயோடும் வறுமையோடும் கழித்து 1960இல் இறந்தார். பொய்ச்சண்டை பிடித்தவர் வாழ்ந்தார், மெய்ச்சண்டை பிடித்தவர் வாடினார் என்று எவரேனும் எழுதக்கூடும். நான் அதற்குத் துணியேன். காமாவின் காலத்தில் அரசர்கள் மல்லனுக்குச் சோறிட்டனர், அரசுகள் ஒழிந்தபோது சோறும் ஒழிந்தது என்பதே நேரான விளக்கமாகும்.

எல்லவுக்குக் கீழே, 1924இல் பதுளையை எட்டிய இரயில் பாதையின் ஓசை கேட்கும் தொலைவில் எங்கள் லயம். கொழும்பில் கடையொன்றில் சிறிதுகாலம் ஏவல் வேலை பார்த்த என் தாத்தா, கிங்காங்கை நேரிற் கண்டவர். அவர் சொல்லிச் சொல்லி லயத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் அவ்வுருவம் மனப்பாடம். அதே தாத்தா மாசி மாதத்தில் காமன்கூத்துக்கு வீரபத்திரன் வேடம் கட்டுபவர். ஆவேசத்தோடு வரும் வீரபத்திரனை இருபுறமும் கயிறுகொண்டு இழுத்துப் பிடிப்பார்கள், தப்பு அதிரும், முன்வரிசைப் பிள்ளைகள் அலறி ஓடுவர். பெண்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவர். மன்மதன் எரியப்போகிறான் என்பது ஆண்டுதோறும் எல்லோருக்கும் தெரியும். ரதி புலம்பும்போது கண்ணீர் விடாத தாய்மாரை நான் கண்டதில்லை. முடிவு முன்னரே தெரிந்தமையால் அதனைப் பொய் என்று எவரும் எழுந்து போகவுமில்லை.

தஞ்சை மாவட்டத்தில் காமன் பண்டிகையின்போது இலாவணி பாடுவோர் இரு கட்சியாகப் பிரிவர். காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. விடியவிடிய வாதிப்பர். மல்யுத்தம் மெய்யா பொய்யா என்னும் வழக்கும் இதை ஒத்ததே. பிரெஞ்சு அறிஞர் ரோலண்ட் பார்த் 1957இல் வெளியான தம் நூலில் மல்யுத்தத்தைப் பற்றி எழுதியவிடத்து, அது விளையாட்டன்று, காட்சி என்றும், துன்பமும் நீதியும் எவருக்கும் விளங்கும் வண்ணம் அங்கு உருக்கொள்கின்றன என்றும் காட்டினார். கிரேக்க நாடகத்தோடு அவர் அதனை ஒப்பிட்டார். எங்கள் லயத்துக்கு வந்திருப்பாராயின் காமன்கூத்தோடு ஒப்பிட்டிருப்பார். எனினும் பார்த் பார்வையாளரின் வரிசையில் அமர்ந்து எழுதியவர். மேடையில் விழுந்தவனின் எலும்பைப் பற்றி அவர் அதிகம் கவலைகொண்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கவலை எனக்குச் சித்தப்பாவால் வந்தது. தாத்தாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்த அவர், எழுபதுகளின் இறுதியில் பதுளைக்கு வந்த கார்னிவல் ஒன்றோடு புறப்பட்டுப் போனார். மரணக் கிணற்றுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இரவுக்கு இரண்டு தடவை குஸ்தி. சித்தப்பாவின் வேலை தோற்பது. கூலி ஆட்டத்துக்கு இவ்வளவு எனப் பேச்சு, எழுத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டில் ஓரிரவு பலகை நழுவ, விழுந்த அவரது தோள்மூட்டு நொறுங்கியது. கொட்டகை முதலாளி அவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, பஸ் செலவுக்குப் பணம் கொடுத்துச் சென்றார். கட்டில்விட்டு எழுந்தபோது கார்னிவல் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது லயத்தார் கேட்ட கேள்வியை என் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். “பொய்ச் சண்டையில எப்புடிடா எலும்பு ஒடையும்?” பெரட்டுக்களத்தில் சிரிப்பு எழுந்ததாம். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. “ஒடம்பு பொய்யாடா?” என்று மட்டும் கேட்டாராம். அதன்பின் உரமூட்டை தூக்க இயலாத சித்தப்பாவுக்குத் தோட்டத்தில் காவல் வேலையே கிடைத்தது. தாத்தா அவ்வாண்டு முதல் வீரபத்திரன் வேடம் கட்டவில்லை. காரணம் எவரும் கேட்கவில்லை; அவரும் கூறவில்லை.

அமெரிக்காவில் 1982இல் தந்தையிடமிருந்து நிறுவனத்தை வாங்கிய வின்ஸ் மக்மஹோன், பிரதேச எல்லைகளை மதியாது நாடு முழுவதையும் தொலைக்காட்சியால் வளைத்துக்கொண்டார். 1985 மார்ச் 31ஆம் திகதி நியூயோர்க்கில் முதலாவது ரெஸில்மேனியா நடந்தது. 1989இல் நியூஜேர்சி மாநில மன்றத்தின் முன், மல்யுத்தம் போட்டியன்று, கேளிக்கையே என அந்நிறுவனம் தானாகவே ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் நீங்குதற்கே இந்த வாய்மை. நூறாண்டு காத்த இரகசியத்தை எரியாத கட்சியின் தலைவரே கணக்குப் பார்த்து வெளியிட்டார் எனலாம்! ஆனால் கேளிக்கை என்று கூறியபின்னும், திரைப்பட நடிகருக்குள்ள சங்கப் பாதுகாப்பு மல்லருக்குக் கிட்டவில்லை. ஒப்பந்தங்கள் அவர்களைச் சுயாதீனத் தொழில்புரிவோர் என்றே குறித்தன. 1986இல் ஜெசி வென்சுரா சங்கம் அமைக்க முயன்றார்; சக மல்லரான ஹல்க் ஹோகன் அதனை முதலாளியிடம் தெரிவித்துவிட்டார் எனப் பின்னர் வழக்கொன்றின்போது அறிந்ததாக அவர் கூறியுள்ளார். 1999இல் கன்சாஸ் நகரில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியொன்றின்போது ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். அன்றைய நிகழ்ச்சி நிறுத்தப்படாமல் தொடர்ந்தது.

பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல், சமசமாஜக் கட்சியினரின் துணையோடு தொழிலாளர் நிகழ்த்திய வேலைநிறுத்தத்தை ஊவா மக்கள் மறந்ததில்லை. மலையில் கொழுந்தெடுத்தவர்களுக்கு ஒன்றுகூட ஒரு பெரட்டுக்களமாவது இருந்தது. இரவு ஓர் ஊர், மறுநாள் வேறோர் ஊர் என அலையும் மல்லனுக்கு அத்தகைய களம் எது? அவனோடு கூட நிற்கவேண்டியவனே மேடையில் அவனுக்கு எதிரியாக நிறுத்தப்பட்டிருக்கிறான்.

தொண்ணூறுகளில் லயத்துக்கு மின்கலத்தில் இயங்கும் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வந்தது. இரவில் அமெரிக்க மல்யுத்தம் காட்டப்படும் நாட்களில் பிள்ளைகள் இரு கட்சியாகி மெய், பொய் எனச் சண்டையிடுவோம். சித்தப்பா காவலுக்குப் புறப்படுமுன் வாசலில் நின்று பார்ப்பார். வென்றவன் பட்டியைத் தூக்கிக் காட்டும்போது அவர் திரையை நோக்குவதில்லை. கயிற்றின் மேலிருந்து ஒருவன் வீழ்த்தப்படும்போது மாத்திரம் கிட்ட வருவார். விழுகின்றவன் கையை எங்கே ஊன்றுகிறான், நாடியை நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறானா என்று கூர்ந்து பார்ப்பார். “சரியா விழுந்தான்” என்பார் சிலவேளை. பின்பு ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவார்.