பூகோளம் எதற்கு?

கணக்கில் மார்க்குக் குறைந்தால் வீடே அமர்க்களப்படுகிறது. உடனே ட்யூஷன் வைக்கிறோம். பூகோளத்தில் குறைந்தாலோ, "போகட்டும், பரீட்சைக்கு முதல் நாள் நாலு ஆற்றின் பெயரை உருப்போட்டால் போயிற்று" என்று விட்டுவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது, சகோதரி?

இந்தப் பாடத்தால் என்ன பிரயோஜனம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்வது வழக்கம். கற்பனையல்ல, நடந்த சங்கதி.

இங்கிலாந்தில் ஸர்ரே வட்டாரத்தைச் சேர்ந்தவள் டில்லி ஸ்மித். அப்போது வயது 10. 2004-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்துடன் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போயிருந்தாள். டிசம்பர் 26-ஆம் தேதி காலை, மைக்காவ் கடற்கரையில் எல்லோரும் உலாவினார்கள். கடல் ஒரு தினுசாக இருந்தது. தண்ணீர் நுரைத்துப் பொங்கியது. ஏறி வந்த நீர் திரும்பவில்லை.

டில்லிக்கு நெஞ்சு திக்கென்றது. இரண்டு வாரம் முன்புதான் ஹவாய்த் தீவைத் தாக்கிய சுனாமியைப் பற்றிப் பூகோள வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். "சுனாமி வரப்போகிறது!" என்று கத்தினாள். அம்மா முதலில் நம்பவில்லை. பெண் விடவில்லை. அப்பா ஹோட்டல் காவலாளியிடம் சொல்ல, கரை காலியாயிற்று. சுமார் 100 பேர் தப்பினார்கள். அந்தக் கரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதே நாள் நம் கரையில் நடந்ததை நான் சொல்ல வேண்டுமா? சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6-30 மணி சுமாருக்கு. அலை இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை இட்லி வார்த்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடிக்கிற நேரம்! நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் மாண்டார்கள். ஓர் அலை வந்துபோன பிறகு கடல் உள்வாங்கிய இடங்களில், அந்த அதிசயத்தைப் பார்க்க இறங்கிப் போனவர்களும் உண்டு. அடுத்த அலை வரும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மீனவர்களுக்குக் கடலைத் தெரியாதா என்று கேட்கலாம். புயலையும் நீரோட்டத்தையும் அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. ஆனால் சுனாமியை அவர்கள் வாழ்நாளில் கண்டதில்லை. அனுபவம் சொல்லித் தராததைச் சொல்லித் தருவதற்குத்தானே பள்ளிக்கூடப் பாடம் இருக்கிறது?

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. நல்லதுதான். ஆனால் எச்சரிக்கை வந்ததும் மேடான இடத்துக்கு ஓடவேண்டும், முதல் அலையோடு ஆபத்து தீர்ந்துவிடாது என்பதெல்லாம் கேட்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நிற்க. சுனாமி தினமும் வருவதில்லை. மழை வருஷா வருஷம் வருகிறது. ஜூன் மாதம் கேரளத்தில் கொட்டுகிற மழை சென்னைக்கு ஏன் அவ்வளவாக எட்டுவதில்லை? மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்துவிடுகிறது. நமக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல், வடகிழக்குப் பருவக்காற்றோடுதான். வற்றல், வடாம் போடும் வேலையைக் கோடையிலேயே முடித்துவிடும் பாட்டிக்கு இது தெரியும். காரணம் பேத்திக்குத் தெரிய வேண்டும்.

வீடு வாங்கும்போது வாஸ்து பார்க்கிறோம். அந்த மனை முன்பு ஏரியா, பள்ளமா என்று பார்க்கிறோமா? மாம்பலம் ஏரி இருந்த இடத்தில்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல தெருக்களில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. தேசப்படம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண் வீட்டில் இருந்தால், கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் நாலு கேள்வி கேட்பாள்.

டாக்டருக்கும் எஞ்சினீயருக்கும் படிக்கட்டும்; வேண்டாம் என்று யார் சொன்னது? பத்தாம் வகுப்பு முடிகிற வரையிலாவது பூகோளத்தை உருப்போடும் பாடமாக விட்டுவிடாதீர்கள். இன்று மாலை உங்கள் பெண்ணை ஒன்று கேளுங்கள்: "நம் தெருவில் பெய்கிற மழைத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?" அவளுக்குத் தெரியாவிட்டால், தேசப்படத்தை விரித்து இருவருமாகத் தேடுங்கள்.