தாய்வழி வந்த வயல்

பதினைந்து வருஷங்களாக நாம் பள்ளியில் பூகோளம் கற்பித்து வருகிறோம். ஸுமத்ரா தீவைப் பற்றிச் சொல்லும்போது, “இத்தீவின் மலைநாட்டில் வாழும் மினாங்கபாவ் மக்களிடையே சொத்து பெண்வழியாக இறங்குகிறது” என்று ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த தீவுக்குத் தாவிவிடுவது நமது வழக்கம். ஒரு முறை பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “அப்படியானால் ஆண்பிள்ளைகள் எங்கே போவார்கள், ஸார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்விதான் நம்மை 2025-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் ஸுமத்ராவுக்கு இழுத்துச் சென்றது.

தீவின் மேற்குக் கரையில் பாடாங் என்னும் துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கிருந்து மோட்டார் வண்டியில் புறப்பட்டால், சற்று நேரத்துக்கெல்லாம் தென்னந்தோப்புகள் பின்தங்கி மலைகள் எதிர்ப்படுகின்றன. ஆனாய் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஓரிடத்தில் அருவி ஒன்று சாலையோரத்திலேயே விழுந்து, போகிற வண்டிகளுக்கெல்லாம் சாரல் தெளிக்கிறது. 2024 மே மாதத்தில் பெய்த பெருமழை, மராபி எரிமலையின் சாம்பலையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்து இந்தப் பாதையை அறுத்துவிட்டது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அந்த வெள்ளத்தில் மாண்டார்கள். நாம் போனபோது பாதை சீராகியிருந்தது; ஆயினும் ஆற்றங்கரையில் யானை யானையாகப் பாறைகள் கிடந்தன.

பாடாங் பாஞ்சாங் என்ற ஊரைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும், மராபி மலை முழு உருவத்துடன் தோன்றிற்று. உயரம் 2,891 மீட்டர். அதன் சரிவில் படிப்படியாக நெல் வயல்கள். ஒரு படியில் நாற்று, மறு படியில் கதிர், அதற்கும் கீழே வெறும் தண்ணீரில் வானம். நம்மை அழைத்திருந்த ஆசிரியையின் ஊர் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. பினாங்கில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அறிமுகமானவர் அவர். அவருடைய குடும்பக் காரியம் ஒன்றை இங்கே சொல்லப் போகிறோமாதலால், ஊரின் பெயரையும் அவர் பெயரையும் வெளியிடாமல் விடுகிறோம்.

கொம்பு முளைத்த கூரை

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது பெரிய வீடுதான். ‘ரூமா காடாங்’ என்றால் பெரிய வீடு என்றே பொருள். தரையிலிருந்து மரத்தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் நீண்ட மரவீடு. கூரையின் இரு முனைகளும் எருமைக் கொம்பைப் போல வானத்தை நோக்கி வளைந்திருக்கின்றன. முற்காலத்தில் ஜாவாவிலிருந்து ஒரு படை வந்ததாம். சண்டைக்குப் பதில் எருமைப் போர் நடத்துவதென்று ஒப்பந்தமாயிற்று. ஜாவாக்காரர் மாபெரும் எருமையைக் கொண்டுவந்தார்கள். இவர்களோ பசித்த கன்று ஒன்றின் மூக்கில் கத்தியைக் கட்டி விட்டார்கள். கன்று பால் குடிக்க ஓடிற்று. பெரிய எருமை வயிறு கிழிந்து விழுந்தது. ‘வென்ற எருமை’ என்பதுதான் மினாங்கபாவ் ஆயிற்று என்கிறார்கள். கதை மெய்யோ பொய்யோ, கூரைகள் மட்டும் அதை மறக்கவில்லை.

வீட்டின் உட்புறம் முன்பாதி முழுவதும் ஒரே கூடம். பின்பாதி வரிசையாக அறைகள். விவாகமான ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அறை. ஆண்பிள்ளைக்கு அறையே கிடையாது! சிறுவன் ஓரளவு வளர்ந்ததும் ‘ஸுராவ்’ என்னும் தொழுகைக் கூடத்துக்குப் படுக்கப் போய்விடுவான். அங்கேயே ஓதுவான், தற்காப்பு வித்தையும் கற்பான். பிறகு ‘மெரந்தாவ்’ போவான். அதாவது பொருள் தேடிப் பிற ஊர் செல்வான். விவாகமானால் மனைவியின் வீட்டுக்குப் போவான். நமது பின்வரிசைப் பையனுக்கு இதுதான் விடை.

இப்படி வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்தோனேஷியாவின் பட்டினங்களிலெல்லாம் பாடாங் சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள் இவர்கள். 1945 ஆகஸ்டு 17-ந் தேதி ஸுகர்ணோவோடு சேர்ந்து சுதந்திரப் பிரகடனம் செய்த முகமது ஹத்தா, அதே வருஷத்தில் முதல் பிரதம மந்திரியான ஸுத்தான் ஷாரீர் இருவரும் இந்த மலைநாட்டில் பிறந்து வெளியே போனவர்களே.

இக்காலத்தில் பெரிய வீட்டில் யாரும் அதிகமாக வசிப்பதில்லை. நமது ஆசிரியையும் பக்கத்தில் செங்கல் வீடு கட்டிக்கொண்டு, தாயாருடனும் கணவருடனும் பெண்ணுடனும் இருக்கிறார். விவாகத்துக்கும் சாவுக்கும் ஆலோசனைக்கும்தான் பெரிய வீட்டுக் கதவு திறக்கிறது. பல ஊர்களில் அவ்வீடுகள் பலகை இற்றுச் சாய்ந்து நிற்பதையும் வழியில் கண்டோம்.

வீட்டு முற்றத்தில் மூன்று நெற்களஞ்சியங்கள் இருந்தன. பழைய ஏற்பாட்டின்படி ஒன்று அன்றாடச் சாப்பாட்டுக்கு. ஒன்று விற்று வேறு சாமான் வாங்குவதற்கு. மூன்றாவது பஞ்ச காலத்துக்கும் இல்லாதவர்களுக்கும். “இப்போது மூன்றும் காலி, நெல் மில்லுக்குப் போகிறது” என்று ஆசிரியையின் பெண் சிரித்தாள். பதினெட்டு வயது. இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறாள். அங்கிருந்த ஐந்து நாளும் அவள்தான் நமக்குத் துபாஷி. நம்மைப் ‘பாக் குரு’ என்று அழைத்தாள். ஆசிரியருக்கு அவர்கள் பாஷையிலும் ‘குரு’ என்றே பெயர். கடையைக் ‘கடாய்’ என்கிறார்கள். வியாபாரத்துக்குப் போடும் முதலை ‘மோடால்’ என்கிறார்கள். நம்மவர் கப்பலேறிப் போன காலத்தில் இறக்கிவிட்டு வந்த சொற்கள் இவை.

யாருடைய நிலம்?

முதல் நாள் மாலை வயல் வரப்பில் நடந்தபோது, “இந்த நிலம் யாருடையது?” என்று கேட்டோம். சாதாரணக் கேள்விதானே! ஆனால் பெண் பதில் சொல்லத் திணறினாள். “அம்மா உழுவித்துச் சாப்பிடுகிறாள். ஆனால் அம்மாவுடையது அல்ல. பாட்டியுடையதும் அல்ல. மாமா காவல் காக்கிறார், அவருடையதும் அல்ல,” என்றாள்.

விஷயம் இதுதான். பல தலைமுறையாகத் தாய்வழி வந்த நிலத்துக்கு ‘உயர்ந்த பரம்பரைச் சொத்து’ என்று பெயர். அது ஒரு மூதாட்டியின் சந்ததியார் அனைவருக்கும் பொது. ஒவ்வொரு பெண்ணுக்கும் இன்ன வயல் என்று அனுபவிக்கப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அனுபவிக்கலாம், விற்க முடியாது. தாயின் சகோதரன் அதன் காவலன். அவனை ‘மாமாக்’ என்கிறார்கள். காதுக்கு நமது மாமனே போலத்தான் ஒலிக்கிறது. அவன் தன் சகோதரியின் பிள்ளைகளுக்கு வழிகாட்டி. தன் சொந்தப் பிள்ளைகள் வேறு வீட்டில், அவர்களுடைய மாமனின் பார்வையில் வளர்கிறார்கள்.

இவர்கள் அனைவரும் முஸ்லிம்கள் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இஸ்லாமிய முறைப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இரண்டும் எப்படிப் பொருந்தும்? எளிதில் பொருந்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பாத்ரி என்ற மதச் சீர்திருத்தக்காரருக்கும் பழைய வழக்கத்தாருக்கும் மூண்ட சண்டையில் டச்சுக்காரர் புகுந்தார்கள். 1837-ல் போஞ்ஜோல் கோட்டை வீழ்ந்தபோது நாடே அவர்கள் கையில் இருந்தது. மக்காவில் இமாமாக விளங்கிய அஹமத் கதீப் இந்த மலைநாட்டில் பிறந்தவரே; அவர் தம் சொந்த நாட்டின் பெண்வழிச் சொத்துரிமையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். முடிவில் 1952-ல் மௌல்விகளும் குலத்தலைவர்களும் புக்கித்திங்கியில் கூடி ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள்: பரம்பரை நிலம் வழக்கப்படி பெண்வழி போகட்டும்; ஒருவன் தன் உழைப்பால் தேடியது மதவிதிப்படி அவன் பிள்ளைகளுக்குப் போகட்டும். நமது மலையாளத்து மருமக்கள்தாயமும் இதற்கு ஒப்பானதுதான். அங்கே கூட்டுக் குடும்ப முறையையே 1975-ஆம் வருஷத்துச் சட்டம் எடுத்துவிட்டது. இங்கே இன்னும் நிற்கிறது.

நான்கு காரணங்கள்

மூன்றாம் நாள் காலை ஊர்க் கடையில் காப்பி இலைக் கஷாயம் குடித்தோம். வறுத்த காப்பி இலையைக் கொதிக்கவைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் தருகிறார்கள். 1847 முதல் டச்சு அரசாங்கம் காப்பியைக் கட்டாயமாகப் பயிரிடச் செய்து, கொட்டையைத் தானே குறித்த விலைக்கு எடுத்துக்கொண்டது. கொட்டை வெள்ளையனுக்கு, இலை விதைத்தவனுக்கு என்று ஆகிவிட்டதாகக் கிழவர்கள் சொல்கிறார்கள். 1908-ல் அந்த ஏற்பாட்டை நீக்கிப் பண வரி விதித்தபோது, காமாங் முதலிய ஊர்களில் ஜனங்கள் எதிர்த்து எழுந்து உயிர் கொடுத்தார்கள். எங்கள் நிலத்துக்கு எங்களிடமே வரியா என்பதுதான் அவர்கள் கேள்வி.

அன்று இரவு பெரிய வீட்டுக் கதவு திறந்தது. நமது துபாஷிப் பெண்ணுக்குப் பாடாங் சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பணம் போதவில்லை. ஒரு வயலை ஒத்தி வைக்கலாமா என்பதே ஆலோசனை.

ஒத்தி வைப்பதற்கு நான்கே காரணங்களை வழக்கம் அனுமதிக்கிறது. வீட்டில் பிணம் கிடந்து அடக்கத்துக்குப் பணமில்லை என்றால். வளர்ந்த பெண்ணுக்கு விவாகம் செய்ய வழியில்லை என்றால். பெரிய வீட்டுக் கூரை ஒழுகினால். ‘நீரில் மூழ்கிய மரத்தைத் தூக்க’ வேண்டுமென்றால். கடைசியது, தலைவன் பட்டம் வெறுமையாகிக் குலப்பெருமை தாழ்ந்து கிடக்கையில் அதை நிமிர்த்தும் செலவைக் குறிக்கும். படிப்புச் செலவு இந்த நான்கில் இல்லை.

குலத்தலைவரான ‘டாத்துக்’ நடுவில் அமர்ந்தார். பெக்கன்பாரு நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் மாமன் வந்திருந்தார். பாட்டியும் சிற்றன்னைமாரும் சுவரோரம் அமர்ந்தார்கள். பெண்ணின் தகப்பனாரோ வாயிலருகே, விருந்தாளியின் இடத்தில் இருந்தார். இருபது வருஷமாக அங்கே வாழ்பவர். ஆயினும் அந்த நிலத்தைப் பற்றிப் பேச அவருக்கு வாயில்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேலுள்ள சாம்பல், காற்றடித்தால் பறந்துவிடும் என்று கணவனைப் பற்றி அங்கே ஒரு பழமொழி உண்டு. தச்சுத் தொழில் செய்கிறவர் அவர். “என் மோட்டார் சைக்கிளையும் மரச் சேமிப்பையும் விற்றுத் தருகிறேன்; அவை நான் தேடியவை,” என்று மட்டும் சொன்னார். அவருடைய சொல் செல்லும் வீடு இன்னொன்று இருக்கிறது. அங்கே அவர் மாமன்.

மூத்த சிற்றன்னை மறுத்தாள். “என் பாட்டி காலத்தில் ஒத்திக்குப் போன வயல் முப்பது வருஷம் கழித்துத் திரும்பிற்று. படிப்புக்கென்று ஒரு வீடு ஆரம்பித்தால் எல்லா வீடும் ஆரம்பிக்கும். நம் பேத்திகளுக்கு வரப்புதான் மிஞ்சும்,” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடனுக்கு நிலம் போய்க் கூலிக்காரர்களான குடும்பங்களை நாமும் நம் ஊர்ப் பக்கம் கண்டிருக்கிறோம்.

டாத்துக் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நான்காவது காரணத்தில் வரலாம். ஆனால் இந்த வீட்டில் மூழ்கிக் கிடக்கும் மரம் எது?” என்று கேட்டார்.

அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாட்டி வாயைத் திறந்தாள். “நானும் வாத்தியாராக வேண்டுமென்று அழுதேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்தி வயலுக்கு அனுப்பினார்கள். அந்த மரம் மூழ்கி அறுபது வருஷமாயிற்று,” என்றாள்.

நமது துபாஷி இதை மொழிபெயர்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள்தான் நமக்குப் பொருள் தெரிந்தது.

நள்ளிரவுக்குமேல் முடிவாயிற்று. இருபது எமாஸ் தங்கத்துக்கு ஒரு வயல் ஒத்தி. ஓர் எமாஸ் இரண்டரை கிராம். ஆக ஐம்பது கிராம். ரூபாய் மதிப்பு இறங்கினாலும் தங்கம் தங்கமே என்பதால் இந்தக் கணக்கு. வெளியாருக்கு அல்ல, அதே குலத்தின் வேறொரு வீட்டுக்கு. தங்கத்தைத் திருப்பும் வரை அவர்கள் பயிர் செய்வார்கள். திருப்பும் பொறுப்பை மாமன் ஏற்றார். ஏழு வருஷம் அனுபவித்த ஒத்தி நிலத்தை மீட்புப் பணமின்றியே திருப்ப வேண்டுமென்று 1960-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அதை ஒருவர் நினைவூட்டியபோது டாத்துக், “வாங்கிய தங்கத்தைக் கொடுக்காமல் நிலத்தை எடுத்துக்கொண்டால், நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?” என்றார். சிற்றன்னையின் கையெழுத்தும் பத்திரத்தில் விழுந்தது, கடைசியாகத்தான் விழுந்தது.

வரப்பின்மேல்

புறப்படும் நாள் காலையில் அந்த வயலைக் காட்ட ஆசிரியை அழைத்துச் சென்றார். பெரிய வயல் அல்ல. நம் பள்ளி விளையாட்டு மைதானத்தில் கால்வாசி இருக்கும். மேல்வயலின் தண்ணீர் மூங்கில் குழாய் வழியே சலசலத்து விழுந்துகொண்டிருந்தது. அடுத்த நடவுக்கு வேறு கைகள் இறங்கும்.

“இதுவரை ஆண்கள் போனார்கள், பெண்கள் நிலத்தோடு இருந்தார்கள். இப்போது பெண்ணும் போகிறாளே! இனி யார் இருப்பது?” என்று கேட்டோம்.

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. குனிந்து, வரப்பில் நண்டு துளைத்திருந்த ஓட்டையைக் காலால் மிதித்து அடைத்தார். “அதைத்தான் என் தங்கையும் கேட்டாள்,” என்றார். பிறகு, “விற்றிருந்தால் அவளுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்காது. விற்கவில்லை. அவ்வளவுதான் எங்களால் முடிந்தது,” என்றார்.

சொத்து என்றால் இஷ்டம்போல் விற்கக்கூடியது என்றே நாம் எண்ணியிருந்தோம். விற்க முடியாத சொத்து மனிதரை எவ்வளவு நெருக்கி உட்கார வைக்கிறது என்பதையும், அந்த நெருக்கத்தில் வாயிலருகே ஒதுங்கும் தகப்பன் ஒருவனும் உண்டு என்பதையும் அந்த இரவில்தான் கண்டோம்.

பள்ளி திறந்துவிட்டது. ஸுமத்ரா பாடம் வந்தால் இம்முறை ஒரு வரியோடு தாவ மாட்டோம். பின்வரிசைப் பையன் படிப்பு முடிந்து போய்விட்டான்; அவன் இடத்தில் இருப்பவனுக்காவது விடை சொல்லவேண்டும்.