கொட்டும் மழையில் கோடியக்கரை வரை

"இந்த வயசிலே மோட்டார் சைக்கிள் சவாரி கேக்குதாக்கும்!" என்று என் நாத்தனார் போனில் சிரித்தாள். சிரிக்கட்டும். நாற்பத்தாறு வயதில், அதுவும் ஐப்பசி அடைமழையில், கும்பகோணத்திலிருந்து கோடியக்கரை வரை இவர் பின்னால் புல்லட்டில் உட்கார்ந்து போய், கூடாரம் போட்டுப் படுத்துவிட்டு வந்தேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நார்க்கட்டி, ஓயாத உதிரப்போக்கு, ரத்தசோகை. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் எனக்கு வாசற்படி தாண்டவே பயம். குடத்தைத் தூக்கலாமா, மாடி ஏறலாமா என்று தொட்டதற்கெல்லாம் சந்தேகம். பத்து மாதம் கழித்து டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "எல்லாம் நல்லா ஆறிடுச்சு. இனிமே நீங்க எங்கே வேணும்னாலும் போகலாம்" என்றார். இவர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்! பெண்ணும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். எனக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

இருபது வருஷமாகச் சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்தே பழகிய நான், இந்தத் தடவை பெண்ணின் சுடிதாரை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். இடுப்பு வலி பாதி குறைந்தது. இதை முன்னாடியே செய்திருக்கலாமே என்று தோன்றியது. (மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை.)

சாமான் அதிகமில்லை. இருவர் படுக்கும் கூடாரம், தார்ப்பாய், சின்ன கேஸ் அடுப்பு, புளிக்காய்ச்சல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சுக்கு மல்லிப் பொடி. துணிகளை ஒவ்வொரு செட்டாகத் தனித்தனி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக்கொண்டேன். மழைப் பயணத்தில் உலர்ந்த உள்ளாடை ஒன்று கைவசம் இருப்பது பெரிய வரம். ஈரத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் தொடை இடுக்கில் அரிப்பும் படையும் வந்துவிடும்.

மாயவரம் தாண்டியதும் பிடித்த மழை, தரங்கம்பாடியில்தான் விட்டது. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டினார்களாம். 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோவில். பாண்டியர் காலத்துக் கோவிலின் முன்பகுதியைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. ஈசனுக்கும் எனக்கும் அன்று ஒரே அபிஷேகம்தான். அன்று ராத்திரி கூடாரம் போடத் தைரியமில்லாமல் லாட்ஜில் தங்கினோம்.

மறுநாள் காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அந்தக் கரையில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். இரண்டு பேருமே அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

வேதாரண்யம் அருகே இவருடைய நண்பரின் தென்னந்தோப்பில் கூடாரம் போட்டோம். மணல் பூமியில் முளை நிற்கவே நிற்காது. துணிப்பைகளில் மணலை ரொப்பி, கயிற்றைக் கட்டிக் குழி தோண்டிப் புதைத்தோம். அப்புறம் அசையவில்லை. மட்டையும் காயும் தலையில் விழாதபடி மரங்களை விட்டு விலகி வெட்டவெளியில் போட்டோம். அடுப்பை மட்டும் கூடாரத்துக்குள் பற்ற வைக்கக் கூடாது. மூடிய இடத்தில் அந்த விஷவாயு வாசனையே இல்லாமல் ஆளைத் தூக்கிவிடும். வெளியே தார்ப்பாயின் கீழேதான் சுக்குக் காப்பி போட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா குடையோடு வந்து பார்த்தார். "அடி ஆத்தி, இந்தத் துணிக்குள்ளாறயா படுப்பீங்க? வூட்டுக்கு வாங்கம்மா" என்றார். எனக்கோ உடனே எழுந்து போய்விடலாம் என்று கால் பரபரத்தது. இவர் அசையவில்லை. அதில் எனக்குக் கோபம்கூட வந்தது. பெரியம்மா எங்களோடு உட்கார்ந்து 2018 நவம்பரில் வந்த கஜா புயலைப் பற்றிச் சொன்னார். விடிந்து பார்த்தால் தோப்பில் ஒரு மரமும் நிற்கவில்லையாம். "புள்ளையப் போல வளத்தேன் தாயி" என்றார். இப்போது நிற்பவை அதற்கப்புறம் வைத்தவை. சிலதில் பாளை விட்டிருக்கிறது.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். காற்றோடு மழை. கண் விழித்தால் கால்மாட்டில் ஈரம். இவர் உட்கார்ந்தபடி கூடாரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கலையாங்க?"

"நீ படு. நான் பாத்துக்கறேன்."

"இப்படி எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உன்னை தியேட்டருக்குள்ளே கொண்டு போனப்பவும் வெளியிலே இப்படித்தான் கதவுக் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னேன்" என்றார். இதை இத்தனை நாளும் சொன்னதில்லை. நான்தான் பயந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து மறுபக்கத்துக் கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். விடியும் வரை பெண்ணைப் பற்றி, கடனைப் பற்றி, யார் யாரையோ பற்றிப் பேசினோம்.

காலையில் பெரியம்மா வீட்டில் இட்லியும் கருவாட்டுக் குழம்பும். கருவாடு தொடாத நான் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு நாலு இட்லி தின்றேன்!

அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாக்கிரக நினைவுத் தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து எங்கள் கும்பகோணம் வழியாக நடந்தே வந்து உப்பள்ளிய இடம். நாங்கள் வண்டியில் வந்ததற்கே இத்தனை அலட்டல்! மழைக்காலமாதலால் உப்பளங்களில் வேலை இல்லை. பாத்தி பாத்தியாக வானம்தான் கிடந்தது.

கோடியக்கரைக் காட்டில் ஈரத்தைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு வெளிமான் கூட்டம் குறுக்கே ஓடியது. தூரத்துச் சதுப்பில் பூநாரைகள் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு போலத் தெரிந்தன. இவரிடமிருந்து பைனாகுலரைப் பிடுங்கி நான்தான் அதிக நேரம் பார்த்தேன். மழை மறுபடி தூறியது. யாருக்கும் கிளம்ப மனசில்லை.

வீடு வந்ததும் முதல் வேலையாகக் கூடாரத்தை மொட்டை மாடியில் விரித்தேன். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்து நாறிப்போகும். உதறினால் ஒரு படி மணல் கொட்டிற்று. படி ஏறி வந்த மாமியார், "ஏண்டியம்மா, கோடியக்கரையையே மூட்டை கட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார். அவ்வளவு பெரிய ஈரக் கூடாரத்தை நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.